ஓடைக்கரையில் ஒரு சுற்று நடை: கான்ஹேரிக்குப் போவோமா?

மும்பைக்கு வேலை தேடி வந்து, வேர் பிடித்து, பேரன் பேத்தி எடுத்துவிட்ட நம்மவர் குடும்பங்களில் "ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம்?" என்ற கேள்வி எழுந்தால் வரும் பதில்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஜூஹு கடற்கரை, எலிபெண்டா, மாட்டுங்காவில் ஒரு கோயிலும் ஒரு காப்பியும், மழைக்காலமானால் லோனாவாலா. இதே நகரத்து எல்லைக்குள், லோக்கல் ரயிலில் போய் இறங்கக்கூடிய தூரத்தில், ஒரு காடும், காட்டுக்குள் ஒரு மலையிடுக்கும், அந்த இடுக்கின் அடியில் ஓர் ஓடையும், இரு கரையிலும் நூற்றுக்கும் மேற்பட்ட குடைவரைக் குகைகளும் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியும். போனவர்களும் உண்டு. ஆனால் போனவர்களில் பெரும்பாலோர் முதல் மூன்று குகைகளைப் பார்த்து, புத்தர் சிலைக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு, அடுத்த பேருந்தில் திரும்பிவிடுகிறார்கள். ஓடையைச் சுற்றி நடந்து வந்தவர்கள் குறைவு.

நான் அந்தச் சுற்றைப் பல பருவங்களில், பல வயதினருடன் நடந்திருக்கிறேன். எழுபதைத் தாண்டிய என் அத்தையும் வந்திருக்கிறார்; ஏழு வயதுப் பேரனும் வந்திருக்கிறான். அந்த அனுபவத்தைக் கொண்டு, குடும்பமாக ஓர் ஓடைப் பள்ளத்தாக்கில் நடப்பது எப்படி என்று சங்க அன்பர்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதில் முக்கியமான செய்தி ஒன்றுதான்: மலை ஓடைக்குப் போகிறவர் முதலில் தண்ணீரைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அந்த இடத்தின் அழகும் தண்ணீரால் வந்தது; ஆபத்தும் தண்ணீரால் வருவது.

சுற்றுப்பாதை, நடுத்தரம் என்றால் என்ன?

மலைநடையில் பாதைகள் இரு வகை. போன வழியிலேயே திரும்புவது ஒன்று. ஒரு வழியில் போய், வேறு வழியில் இறங்கி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வது மற்றொன்று. இதுதான் சுற்றுப்பாதை. குழந்தைகளுக்குச் சுற்றுப்பாதைதான் பிடிக்கும். ஏற்கெனவே பார்த்ததையே திரும்பப் பார்க்க அவர்களுக்குப் பொறுமை கிடையாது. ஆனால் பெரியவர்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. சுற்றில் பாதி தாண்டிவிட்டால் முன்னே போவதும் பின்னே திரும்புவதும் ஒரே தூரம். ஆகையால், யாருக்காவது முடியாது என்று தோன்றினால் கால்வாசி தூரத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

"நடுத்தரம்" என்ற சொல்லும் ஏமாற்றக்கூடியது. கான்ஹேரியில் தூரம் பெரிதல்ல. மெதுவாக, குகைகளைப் பார்த்துக்கொண்டு நடந்தால் எங்கள் வீட்டாருக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. சிரமம் தூரத்தில் இல்லை, படிகளில் இருக்கிறது. பாறையிலேயே வெட்டிய படிகள் அவை. ஒன்று அரை அடி உயரம் என்றால் அடுத்தது முக்கால் அடி. பல நூற்றாண்டுக் காலடிகளில் நடுப்பகுதி தேய்ந்து குழிந்திருக்கும். பழனி மலைப்படி ஏறிப் பழகியவர்களுக்கு மூச்சு வாங்காது. ஆனால் முழங்கால் பேசும். இறங்கும்போதுதான் அதிகம் பேசும். ஏறுவதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தை இறங்குவதற்கும் ஒதுக்குங்கள்.

போய்ச் சேர்வது

மேற்கு ரயில் பாதையில் போரிவலி நிலையத்தில் கிழக்குப் பக்கம் இறங்கினால் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் வாயில் பக்கத்தில்தான். செம்பூர், சயான், தாராவி, மாட்டுங்கா அன்பர்கள் தாதரில் ரயில் மாறிக்கொள்ளலாம். பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர். வாயிலிலிருந்து குகைகள் சுமார் 6 கிலோமீட்டர் உள்ளே இருக்கின்றன. பேருந்து வசதி உண்டு. அன்றைய நேரத்தை வாயிலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. பூங்காவுக்கு ஒரு நுழைவுச்சீட்டு, குகைகளுக்குத் தொல்லியல் துறையின் சீட்டு ஒன்று, ஆக இரண்டு. திங்கட்கிழமை விடுமுறை. காலையில் எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது. பத்து மணிக்குமேல் கருங்கல் பாறை தோசைக்கல்லாகிவிடும்.

நடை

படியேறியதும் முதலில் வருவது முற்றுப்பெறாத முதல் குகை. தூண்களைச் செதுக்கத் தொடங்கி அப்படியே விட்டிருக்கிறார்கள். அடுத்து சில அடிகளில் மூன்றாம் குகை. இது சைத்தியம், அதாவது வழிபாட்டு மண்டபம். 34 தூண்கள், வில்போல் வளைந்த கூரை, கடைசியில் கல்லில் ஒரு ஸ்தூபி. சாதவாகன மன்னர் யக்ஞஸ்ரீ சாதகர்ணியின் காலத்தில், கி.பி. 2ஆம் நூற்றாண்டில், வணிகச் சகோதரர் இருவர் எடுப்பித்தது இது என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. முன் தாழ்வாரத்தின் இரு பக்கமும் நிற்கும் பிரம்மாண்டமான புத்தர் உருவங்கள் பிற்காலத்தவை.

பெரும்பாலோர் திரும்புவது இங்கிருந்துதான். நாம் இங்கிருந்துதான் நடக்கத் தொடங்குகிறோம்.

பாதை ஓடைக்கரையோடு மேல்நோக்கிப் போகிறது. இடப்பக்கமும் வலப்பக்கமும் மலை நெருங்கி வர, நடுவே பாறைப் படுகை. ஓடை என்றால் நம் ஊர் வாய்க்கால்போல மண்ணில் ஓடுவது என்று எண்ண வேண்டாம். இது முழுக்கக் கல். ஆறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, தக்காணம் முழுவதும் எரிமலைக் குழம்பு வழிந்து பரவிய காலத்தில் உண்டான பாறை. அதைத் தண்ணீர் வழித்து வழித்து, கிண்ணங்களாகவும் தொட்டிகளாகவும் குடைந்திருக்கிறது. டிசம்பரில் போனால் படுகை காய்ந்து கிடக்கும். என் பேரன் முதல் தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, தண்ணியே இல்லையே, இதைப் போய் ஓடைங்கிறீங்களே?" என்றான். அந்தக் கல்லின் வழவழப்பைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். தண்ணீர் இல்லாதபோது ஓடையைப் பார்ப்பதுதான் முதல் பாடம். வழவழப்பு எவ்வளவு உயரம்வரை போகிறதோ, அவ்வளவு உயரம்வரை தண்ணீர் வந்திருக்கிறது. சுள்ளிகளும் சருகுகளும் எந்தக் கிளையில் சிக்கித் தொங்குகின்றனவோ, சென்ற மழையில் வெள்ளம் அதுவரை ஏறியிருக்கிறது. அவனுடைய தலைக்குமேல் ஒரு புதரில் காய்ந்த சருகு மாலைபோலச் சுற்றிக்கிடந்ததைக் காட்டினேன். அதன்பிறகு அவன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

வழியில் 11ஆம் குகை வரும். நீண்ட கல் இருக்கைகள் உள்ள பெரிய கூடம். தர்பார் மண்டபம் என்று அழைக்கிறார்கள். கி.பி. 9ஆம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில், கௌட நாட்டிலிருந்து, அதாவது இன்றைய வங்காளப் பகுதியிலிருந்து வந்த ஓர் அடியார் இந்த மடத்துக்கு அறக்கட்டளை வைத்ததை இங்குள்ள கல்வெட்டுகளால் அறிகிறோம். 90ஆம் குகையில் பஹ்லவி எழுத்துகள் உள்ளன. கி.பி. 1009இலும் 1021இலும் வந்துபோன ஜொராஸ்டிரர்கள் பொறித்த பெயர்கள் அவை. பிற ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இந்தப் பள்ளத்தாக்கு புதிதல்ல என்று இதைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

பின்னர் பாறைப் படிகள் வழியே மேல்வரிசைக் குகைகளுக்கு ஏறி, மேட்டில் சுற்றி, வேறு படிகள் வழியே இறங்கினால் சுற்று முடிந்துவிடும். மேட்டிலிருந்து பார்த்தால் மரத்தலைகளுக்கு அப்பால் போரிவலியின் அடுக்குமாடிக் கட்டடங்கள் தெரியும். ஒரு நகரத்தின் நடுவில் நின்றுகொண்டு அந்த நகரத்தையே வெளியிலிருந்து பார்ப்பதுபோல இருக்கும்.

தண்ணீரை அறிந்தவர்கள்

மேல்வரிசையில்தான் இந்த இடத்தின் உண்மையான சாமர்த்தியம் தெரியும். ஏறக்குறைய ஒவ்வொரு குகையின் முற்றத்திலும் பாறைக்குள் குடைந்த ஒரு நீர்த்தொட்டி உண்டு. மேலே பாறைச் சரிவைக் கவனித்தால், விரல் பருமனில் தொடங்கி கை அகலம்வரை கால்வாய்கள் வெட்டியிருப்பது தெரியும். கூரைமேல் விழும் மழைநீர் அந்தக் கால்வாய் வழியே ஓடி, முகப்பில் வழியாமல் விலகி, தொட்டிக்குள் விழும். கி.மு. முதல் நூற்றாண்டு அளவில் தொடங்கி ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் இங்கே பிக்குகள் வாழ்ந்தார்கள். மழை நான்கு மாதம், வறட்சி எட்டு மாதம் என்ற ஊரில் ஒரு பெரிய மடம் ஆயிரம் ஆண்டு தாக்குப்பிடித்ததற்கு இந்தத் தொட்டிகளே காரணம்.

கல்வெட்டுகளில் இந்தத் தொட்டிக்கு "பானிய போடி" என்று பெயர். தேனி மாவட்டத்துப் போடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! கல்யாண் ஊரைச் சேர்ந்த சாமிதத்தர் என்ற பொற்கொல்லர் ஒரு தொட்டியைத் தருமமாக வெட்டித் தந்ததை ஒரு கல்வெட்டு சொல்கிறது. கல்யாண், டோம்பிவலியில் வசிக்கும் நம்மவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் தினமும் ரயில் ஏறும் ஊரிலிருந்து ஒரு தட்டார், ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன், முகம் தெரியாத வழிப்போக்கர்களின் தாகத்துக்காகப் பணம் செலவழித்திருக்கிறார். நம் ஊரில் தண்ணீர்ப்பந்தல் வைப்பதுபோலத்தான்.

என் அத்தை ஒரு தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "இது நம்ம ஊர் சுனைடா" என்றார். அவர் புதுக்கோட்டைப் பக்கம். சித்தன்னவாசலில் சமண முனிவர்களின் கற்படுக்கைகளையும் அருகிலுள்ள சுனையையும் சிறுவயதில் பார்த்தவர். கான்ஹேரியின் சிறு அறைகளிலும் அதேபோலக் கற்படுக்கை உண்டு. சமயம் வேறு, நாடு வேறு. பாறையில் தங்குகிறவனுக்கு வேண்டியது படுக்க ஒரு கல்லும் குடிக்க ஒரு குழி நீரும் என்பது மட்டும் மாறவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பிக்குகள் அறிந்திருந்தார்கள். புத்த பிக்குகள் மழைக்காலத்தின் மூன்று மாதங்கள் ஊர் சுற்றாமல் ஒரே இடத்தில் தங்கவேண்டும் என்பது சங்கத்தின் விதி. வர்ஷாவாசம் என்று பெயர். நம் மடாதிபதிகள் கடைப்பிடிக்கும் சாதுர்மாஸ்யமும் இதே வகையானதுதான். அதாவது, ஆண்டு முழுவதும் நடந்தே வாழ்ந்தவர்கள் மழையில் நடக்கவில்லை. ஆண்டு முழுவதும் ரயிலில் போகிற நாமோ மழை வந்ததும் ஓடையைத் தேடி நடக்கக் கிளம்புகிறோம்!

ஓடை ஏன் திடீரென்று பெருகுகிறது?

நம்மில் பலர் ஐப்பசி, கார்த்திகை மழையில் வளர்ந்தவர்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பழகியவர்களுக்கு மும்பை மழையின் கணக்கு வேறு என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. இங்கே ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டருக்கும் மேல். அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள நான்கு மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டர் மலைச்சரிவில் ஒரே ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், அங்கு விழும் நீர் ஒரு கோடி லிட்டர். பத்தாயிரம் லிட்டர் லாரி ஆயிரம் எண்ணிக்கை. மண் ஆழமாக உள்ள இடமாக இருந்தால் அதில் கணிசமான பங்கை நிலம் குடித்துவிடும். பாறை குடிக்காது. ஜூலை மாதத்தில் மண்ணும் ஏற்கெனவே ஊறியிருக்கும், அதுவும் குடிக்காது. ஆக அத்தனையும் சரிந்து, எல்லாப் பக்கமிருந்தும், நாம் நிற்கும் குறுகிய இடுக்குக்கே வரும். இடம் குறுகக் குறுக, நீர் உயரவும் வேண்டும், வேகமாகவும் வேண்டும். வேகம் இரு மடங்கானால் அது நம் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. வேகமாக ஓடும் நீர் கணுக்காலுக்குச் சற்று மேலே இருந்தாலே, ஒரு ஜாண் ஆழத்துக்கும் குறைவாகவே, வளர்ந்த ஆளின் காலை வாரிவிடும். பாசி படிந்த பாறையாக இருந்தால் அதுவும் வேண்டியதில்லை.

இன்னொன்று. நம் தலைமேல் மழை பெய்ய வேண்டும் என்பதே இல்லை. மேலே, மலைமுகட்டுக்கு அந்தப்புறம் பெய்த மழை, நாம் வெயிலில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடும்போது வந்து சேரலாம்.

2024 ஜூன் 30ஆம் தேதி லோனாவாலாவில் பூஷி அணைக்குப் பின்னாலுள்ள அருவியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் உயிரிழந்தார்கள். ஒரு பெண்மணி, மற்றவர்கள் குழந்தைகள். ஓடையின் நடுப்பாறையில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற அவர்களை வெள்ளம் இழுத்துச் சென்ற காட்சியைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அவர்கள் நம்மைப்போல ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போனவர்கள்தாம். அவர்கள் இறங்கியபோது ஓடை அபாயமாகத் தோன்றியிருக்காது. இதைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. கரைக்கும் நடுப்பாறைக்கும் உள்ள பத்தடி தூரம் சில நிமிடங்களில் கடக்கமுடியாததாக ஆகிவிடும் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் பெரியவர்கள் சொல்லிவைக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். நம் பிள்ளைகள் கல்லூரி நண்பர்களோடு போவதை நாம் தடுக்க முடியாது. ஆனால் அவர்கள் கண்ணுக்குத் தண்ணீரைப் படிக்கச் சொல்லிக்கொடுக்க முடியும்.

இந்தப் பாடம் காட்டோடு நிற்பதுமல்ல. தஹிசர், பொயிசர், ஓஷிவாரா ஆறுகள் இந்தப் பூங்கா மலைகளில்தான் பிறக்கின்றன. பூங்காவை ஒட்டிய விஹார் ஏரியின் உபரி நீர்தான் மித்தி ஆறாகித் தாராவியைத் தொட்டுக்கொண்டு மாஹிம் குடாவில் சேர்கிறது. 2005 ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானபோது, தாராவியிலும் குர்லாவிலும் நம்மவர் வீடுகளுக்குள் புகுந்த வெள்ளத்தில் இந்த மலைகளின் நீரும் இருந்தது. மலையில் ஓடையாக இருப்பதும் ஊரில் வெள்ளமாக வருவதும் ஒரே தண்ணீர்தான்.

ஓடைக்கரையில் கவனிக்க வேண்டியவை

1. தெளிந்து ஓடும் நீர் திடீரென்று கலங்கிச் செம்மண் நிறமானால், அல்லது சருகும் சுள்ளியும் நுரையும் மிதந்து வரத் தொடங்கினால், மேலே பெருமழை பெய்துவிட்டது என்று பொருள். அந்தக் கணமே படுகையை விட்டு மேலேறுங்கள். செருப்பையோ பையையோ எடுக்கத் திரும்பாதீர்கள்.

2. ஓசையைக் கேளுங்கள். ஓடையின் சலசலப்பு இரைச்சலாக மாறினால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் அதே பொருள்தான்.

3. கரையில் உட்கார்ந்ததும் நீர்விளிம்பில் ஒரு கல்லை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். கால்மணிக்கொரு தடவை பாருங்கள். இந்தப் பொறுப்பைக் குழந்தைகளிடம் விட்டால் பெரியவர்களைவிட ஒழுங்காகச் செய்வார்கள்.

4. நடுப்பாறையில் உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம் வேண்டாம். சாப்பிடும் இடம் எப்போதும் சருகு சிக்கிய கோட்டுக்கு மேலே இருக்கட்டும்.

5. ஓடையைக் கடக்க வேண்டி வந்து, அடி தெரியாவிட்டால் கடக்காதீர்கள். மறுகரையில் இருப்பவர் பத்திரமான மேட்டில் இருந்தால் அங்கேயே காத்திருக்கட்டும். மழை நின்றால், சிறு மலை ஓடைகள் பெருகிய வேகத்திலேயே வடிவதும் உண்டு. பேருந்து தவறினால் அடுத்த பேருந்து வரும்.

6. பாசி படிந்த பாறையில் நனைந்த செருப்போடு நடப்பதைவிடத் தவிர்ப்பதே மேல். படுகையில் காய்ந்து வெளுத்த பாறையில் மட்டுமே கால் வையுங்கள்.

7. கும்பலில் மிக மெதுவாக நடப்பவர் முன்னால் நடக்கட்டும். அனுபவமுள்ள ஒருவர் கடைசியில் வரட்டும். குழந்தைகள் நடுவில்.

எப்போது போவது?

குடும்பத்தோடு முழுச் சுற்று நடக்க நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடியவே ஏற்ற காலம். தமிழ்க் கணக்கில் கார்த்திகை, மார்கழி, தை, மாசி. காலைக் குளிர் இருக்கும், பாறை காய்ந்திருக்கும், படிகள் வழுக்காது. மாசி முடியும் தறுவாயில் போனால் இலையுதிர்த்த காட்டில் இலவமும் பலாசும் சிவப்பாகப் பூத்திருப்பதைக் காணலாம். அக்டோபர் வெயில் மும்பையில் பெயர்பெற்றது, சொல்லவேண்டியதில்லை.

மழைக்காலத்தில் போகவே கூடாதா என்று கேட்பீர்கள். பச்சைப் பசேலென்ற மலையும், ஒவ்வொரு குகை முகப்பிலும் மணித்திரைபோல வழியும் நீரும் காணக் கிடைக்காத காட்சிதான். போகலாம். ஆனால் அன்றைய வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டு, மூன்றாம் குகையோடும் அதையடுத்த மேட்டுக் குகைகளோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். காவலர் விசிலடித்தால் வாதாடாமல் மேலேறுங்கள். ஓடையைக் குகை வாசலிலிருந்து பாருங்கள். பிக்குகளும் அப்படித்தான் பார்த்தார்கள்.

மழை முடியும் தறுவாயில் இன்னொரு காட்சியும் உண்டு. இந்த மலைகளில் கார்வி என்ற புதர் எட்டு ஆண்டுக்கு ஒரு முறை மொத்தமாகப் பூக்கிறது. 2016இல் பூத்தது, 2024இல் பூத்தது. கணக்குப்படி அடுத்தது 2032. நம் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சியின் நெருங்கிய உறவு இது. குறிஞ்சி என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே படித்த நம் குழந்தைகளுக்கு, அதன் சித்தப்பா மகள் போரிவலியிலேயே இருக்கிறாள் என்று காட்டுவதில் எனக்கு ஓர் ஆசை உண்டு.

காட்டின் மற்ற குடிகள்

இங்கே சிறுத்தைகள் வாழ்கின்றன. பகலில், கும்பலாகப் பாதையில் நடப்பவர்கள் அவற்றைக் காண்பது அபூர்வம். ஆனாலும் சிறு குழந்தைகளைத் தனியே முன்னே ஓடவிடவோ, புதருக்குள் அனுப்பவோ, அந்தி சாய்ந்தபின் தங்கவோ வேண்டாம். குரங்குகளைக் காண்பது அபூர்வமே இல்லை. கையில் பொட்டலம் தெரிந்தால் அது உங்களுடையதல்ல என்பது அவற்றின் சட்டம். தின்பண்டத்தைப் பைக்குள் மூடிவையுங்கள், ஊட்டிப் பழக்காதீர்கள்.

பைக்குள் என்ன?

ஆளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, புளியோதரை போல மூடியைத் திறந்து உடனே சாப்பிடக்கூடியவை. நான்கு பாத்திரம், கரண்டி என்று விருந்து வைக்க இது இடமல்ல. பிடிப்புள்ள காலணி, தொப்பி, கைக்குட்டை, இருட்டுக் குகைகளுக்கு ஒரு டார்ச், முழங்கால் வலிக்கு வழக்கமாகத் தடவும் தைலம். முதியோருக்கு ஒரு கைத்தடி. குப்பையைத் திருப்பிக்கொண்டுவர ஒரு துணிப்பை. பெண்கள் சேலையில் வரலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக வரலாம், படியிறங்கும்போது கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொள்ள ஒரு கை காலியாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

குகைச் சுவரில் பெயர் கீறுவோரைப் பார்த்தால் அன்போடு தடுங்கள். கல்யாண் பொற்கொல்லர் தம் பெயரை அங்கே பொறிக்க ஒரு தொட்டி வெட்டித் தந்தார். ஆணியை மட்டும் கொண்டுவருகிறவர்களுக்கு அந்த உரிமை இல்லை.

சங்க உறுப்பினர்களில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்தால் இந்தத் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வரலாம். காலை முதல் பேருந்துக்கே பூங்கா வாயிலில் நிற்கவேண்டும். காய்ந்த ஓடையை முதலில் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். சருகு சிக்கிய கிளை எந்த உயரத்தில் இருக்கிறது என்று அவர்களையே அளந்து சொல்லச் சொல்லுங்கள். ஒருமுறை அளந்த பிள்ளை, பிறகு எந்த ஊர் ஓடைக்குப் போனாலும் முதலில் தலையை நிமிர்த்திக் கிளையைப் பார்க்கும்.